நீள வீட்டில் வைஃபை சவுண்ட்பார்: ரூட்டரில் தொடங்கி ரிமோட் வரை

சவுண்ட்பார் வாங்கியவர்களில் பலர் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்கிறார்கள், பிளக்கைச் சொருகுகிறார்கள், போனில் செயலியை இறக்குகிறார்கள். 'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை' என்று திரை சொல்கிறது. அதன் பிறகு அன்றைய மாலை, சவுண்ட்பாரை அணைத்து அணைத்துப் போடுவதிலேயே போய்விடுகிறது.

பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தெரிந்தவர்கள் வீடுகளில் இந்த வேலையைச் செய்துகொடுத்து வருகிறேன். கோளாறு சவுண்ட்பாரில் இருப்பது அபூர்வம். வீட்டு வைஃபையைச் சரிபார்க்காமல் சவுண்ட்பாரில் கை வைப்பதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. அதனால் இங்கே பெட்டியைப் பிரிக்கும் வேலை நடுவில்தான் வருகிறது. பொறுமையாக வரிசைப்படி செய்யுங்கள்.

தொடங்கும் முன் சில பொருள்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையும் விவரம் பெரும்பாலும் அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அதை போனில் படம் எடுத்துவையுங்கள். டிவி ரிமோட், எச்டிஎம்ஐ கேபிள், சவுண்ட்பாரோடு வந்த கையேடு ஆகியவையும் வேண்டும். கையேட்டை அட்டைப்பெட்டியோடு மச்சில் போட்டுவிடாதீர்கள். எந்த நிற விளக்கு எதைக் குறிக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதைத் தெரிந்துகொள்ள அந்தக் கையேடுதான் கதி.

1. பெட்டியில் உள்ள 'வயர்லெஸ்' எது என்று பாருங்கள்

பெட்டியின் மேல் 'வயர்லெஸ்' என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும் அது வைஃபையைக் குறிக்க வேண்டும் என்பதில்லை. பல மாடல்களில் அதற்கு புளூடூத் என்று பொருள். இன்னும் சிலவற்றில், சப்வூஃபருக்கும் (அடித்தொனி ஒலிக்கான தனிப் பெட்டி) சவுண்ட்பாருக்கும் இடையே கம்பி இல்லை என்பது மட்டுமே பொருள். அந்த சப்வூஃபர் உங்கள் ரூட்டரைத் தொடுவதே இல்லை. தன் சவுண்ட்பாரோடு நேரடியாகப் பேசிக்கொள்கிறது.

வீட்டு வைஃபையில் சேரும் சவுண்ட்பாரின் விவரப் பட்டியலில் 'வைஃபை' என்ற சொல் தனியாக இருக்கும். 'கூகுள் காஸ்ட்' அல்லது 'குரோம்காஸ்ட் பில்ட்-இன்', 'ஏர்பிளே 2', 'ஸ்பாட்டிஃபை கனெக்ட்' ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும். எதுவுமே இல்லையென்றால் உங்களுடையது புளூடூத் சவுண்ட்பார். அப்படியானால் படி 4, 5 இரண்டையும் முடித்து, கையேட்டைப் பார்த்து போனை புளூடூத்தில் இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை படிகள் உங்களுக்குத் தேவையில்லை.

இந்த வேறுபாட்டை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. புளூடூத்தில் பாட்டு உங்கள் போன் வழியாகத்தான் போகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும், போனோடு நீங்கள் அடுக்களைக்குப் போனால் அறுந்துவிடும். வைஃபையில் பாட்டை அனுப்பும்போது, காஸ்ட் போன்ற முறைகளில், போன் முகவரியை மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. சவுண்ட்பார் இணையத்திலிருந்து நேரடியாகப் பாட்டை எடுத்துக்கொள்ளும். நீங்கள் கடைக்குப் போய்விட்டாலும் வீட்டில் பாட்டு நிற்காது.

2. டிவி இருக்கும் இடத்தில் வைஃபையைச் சோதியுங்கள்

நெல்லைச் சீமையின் பழைய வீடுகளுக்கு இந்தப் படிதான் உயிர்நாடி. தார்சா (வீட்டின் முன்பகுதி), பட்டாசாலை (கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களை என்று வீடு ஒரே நேராக உள்ளே நீளும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்கள் ஒன்றரை அடிக்கும் குறையாத கனத்தில் நிற்கும். இணைய இணைப்புக் கொடுக்க வரும் பணியாளர் தெருக் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, அது வீட்டைத் தொடும் முதல் இடமான தார்சாவிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். டிவியோ இரண்டு சுவர் தாண்டி இருக்கிறது.

போனில் வைஃபை தெரிகிறதே என்று திருப்தி அடையாதீர்கள். போனை நாம் கையில் தூக்கி, சிக்னல் கிடைக்கும் பக்கமாகத் திரும்பிக்கொள்கிறோம். சவுண்ட்பார் வைத்த இடத்திலேயே கிடக்கும், அதுவும் உலோகம் நிறைந்த டிவியை ஒட்டி.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை சிக்னலை அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஐபோன்காரர்கள் இதற்கு மட்டும் ஓர் ஆண்ட்ராய்டு போனை இரவல் வாங்குவது சுலபம். சவுண்ட்பார் வரப்போகும் இடத்தில் போனைப் படுக்கவைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் கணக்கில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 65 வரை கவலையில்லை. மைனஸ் 70ஐத் தாண்டினால் பாட்டு விட்டுவிட்டு வரும். மைனஸ் 80 என்றால் இணைப்பே நிலைக்காது. அறைக் கதவுகள் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும்போது அளந்து பாருங்கள். ரூட்டருக்கும் டிவிக்கும் குறுக்கே கண்ணாடி பதித்த இரும்பு பீரோ நின்றால், அதைச் சற்று நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். இரும்பு சிக்னலைத் திருப்பியடிக்கும்.

எண் மோசமாக இருந்தால் இணைய வேகத்தைக் கூட்டும் திட்டத்துக்கு மாறுவதே பலருக்குத் தோன்றும் முதல் யோசனை. அது வீண் செலவு. ஸ்பாட்டிஃபையில் வழக்கமான உயர்தரப் பாட்டுக்குத் தேவை வினாடிக்கு 320 கிலோபிட். குறுந்தகட்டுத் தரத்தில், சுருக்கப்படாத ஒலிக்கே 1,411 கிலோபிட் போதும். 30 எம்பிபிஎஸ் திட்டம் இதற்குத் தாராளம். தார்சாவில் 300 எம்பிபிஎஸ் வந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

நான் பரிந்துரைக்கும் வழிகள், என் விருப்ப வரிசையிலேயே:

முதலாவது, ரூட்டரையே பட்டாசாலைக்குக் கொண்டுவருவது. கண்ணாடி இழைக் கேபிள் மெல்லியது, சன்னல் சட்டத்து ஓட்டை வழியாகவே நுழைந்துவிடும். புதிய இணைப்பு என்றால் பணியாளர் வரும் அன்றே சொல்லிவிடுங்கள். கூடுதல் கேபிளுக்குப் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். நீங்களாக அதை இழுக்காதீர்கள். ரூட்டருக்குப் போகும் அந்த மஞ்சள் இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி கசிந்துவிடும். 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள்.

இரண்டாவது, தார்சா ரூட்டரிலிருந்து கேட்-6 கேபிள் ஒன்றை டிவி வரை இழுத்து, அங்கே இரண்டாவது ரூட்டரை வைப்பது. இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எவ்வளவு நீளமான வீடானாலும் போதும். சவுண்ட்பாரிலேயே லேன் துளை இருந்தால் இன்னும் நல்லது, கேபிளை நேரே அதில் சொருகிவிடலாம். மின்கம்பி போகும் அதே குழாயில் மட்டும் இதை நுழைக்காதீர்கள்.

மூன்றாவது, மெஷ் ரூட்டர் தொகுப்பு, அதாவது வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் கருவிகள். விலை அதிகம், ஆனால் சுவரைக் குடைய வேண்டாம்.

சிக்னலை வாங்கி நீட்டிக் கொடுக்கும் ரிப்பீட்டரைக் கடைசியாகத்தான் சொல்வேன். அதை வாங்குபவர்கள் டிவிக்குப் பக்கத்திலேயே சொருகிவிடுகிறார்கள். செத்துப்போன சிக்னலை வாங்கி அது எதை நீட்டும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதித் தூரத்தில் சொருக வேண்டும்.

3. ரூட்டர் அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

போன் ரூட்டரில் இணைந்திருக்கும்போது பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டச்சு செய்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். பல ரூட்டர்களில் அது 192.168.1.1, உங்களுடையது ஸ்டிக்கரில் இருக்கும். மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

வைஃபையின் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். இதயக் குறியும் தமிழ் எழுத்தும் போனுக்குப் புரியும், சில சவுண்ட்பார்களுக்குப் புரிவதில்லை. கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து.

பாதுகாப்பு வகையில் 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்றிருந்தால் 'டபிள்யூபிஏ2' அல்லது இரண்டும் கலந்த வகைக்கு மாற்றுங்கள். சற்றுப் பழைய சவுண்ட்பார் டபிள்யூபிஏ3 அறியாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் 'தவறு' என்று அது சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 சுவரைத் தாண்டுவதில் கெட்டி. 5 வேகமானது, ஆனால் கனமான சுவர் முன் துவண்டுவிடும். பல சவுண்ட்பார்கள் முதல் இணைப்புக்கு 2.4ஐ எதிர்பார்க்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து இணைப்பு தகராறு செய்தால், அமைக்கும்வரை பெயரைப் பிரித்துவையுங்கள். போன் ஓர் அலைவரிசையிலும் சவுண்ட்பார் மற்றதிலும் இருந்தால் பேசாது என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரே ரூட்டராக இருக்கும்வரை அது சிக்கலாவதில்லை.

வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் டவுன் தெருக்களிலும் அக்கிரகாரங்களிலும் பக்கத்து வீட்டு வைஃபைகள் ஒன்றோடொன்று மோதும். 2.4இல் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. சிக்னல் அளக்கும் அதே செயலியில் எது காலியாக இருக்கிறதென்று பார்த்து, அதை நிலையாக வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

'ஏபி ஐசொலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அது அணைந்திருக்க வேண்டும். எரிந்தால் ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்காது. இணையம் மட்டும் வேலை செய்யும். போனில் யூடியூப் ஓடும், செயலியில் சவுண்ட்பார் தெரியாது. புதியவர்களை அதிகம் அலையவிடுவது இதுதான். விருந்தினர் வைஃபையிலும் பெரும்பாலும் இதே தடுப்பு உள்ளது. சவுண்ட்பாரை அதில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது ரூட்டர் வைத்திருந்தால் அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுவது கட்டாயம். மாற்றாவிட்டால் அது தனக்குப் பின்னால் ஒரு தனி வலையமைப்பை உருவாக்கிவிடும். சவுண்ட்பார் உள்ளே ஒரு வலையில், போன் தார்சாவில் வேறு வலையில். அந்த முறை இல்லாத பழைய ரூட்டர் என்றால், முதலில் முகவரியை 192.168.1.2 போல முதல் ரூட்டரின் வரிசையில் வேறு எண்ணாக மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் 'டிஎச்சிபி' வசதியை அணைத்து, பிறகு கேபிளை இணையம் வரும் 'வான்' துளையில் அல்லாமல் 'லேன்' துளையில் சொருகுங்கள். இப்போது முகவரி கொடுக்கும் வேலை முதல் ரூட்டர் கையில் மட்டும் இருக்கும், வீடு முழுக்க ஒரே வலை.

4. இடமும் மின்சாரமும்

இப்போது பெட்டியைப் பிரிக்கலாம்.

சவுண்ட்பார் டிவிக்குக் கீழே, மேசையின் முன் விளிம்பில் இருக்கட்டும். அலமாரிக்குள் தள்ளினால் ஒலி உள்ளேயே முட்டிக் கொழகொழக்கும், சிக்னலும் குறையும். டிவியின் ரிமோட் கண்ணை மறைக்காத உயரமா என்று பாருங்கள்.

மேல்நோக்கி ஒலியை அனுப்பும் டால்பி அட்மாஸ் மாடல் வாங்குவோருக்கு ஒரு சொல். அது கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியது. தட்டையான கூரை வேண்டும். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஓட்டு வீடுகளில் சரிவான கூரையும் மர உத்திரங்களும் அந்த ஒலியைச் சிதறடித்துவிடும். அத்தகைய வீட்டுக்கு அந்தக் கூடுதல் பணத்தை நல்ல சப்வூஃபரில் போடுவதே மேல் என்பது என் எண்ணம்.

சப்வூஃபரைத் தரையில் வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் அதிர்வு பெருகும். பொதுச்சுவர் உள்ள வீடுகளில் அது அப்படியே பக்கத்து வீட்டுப் பட்டாசாலைக்குப் போகும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளிவையுங்கள்.

மின்சாரம் போய் வரும்போது நடப்பதைச் சொல்கிறேன். "அண்ணாச்சி, நேற்றுவரை நன்றாகப் பாடியது, காலையில் கரண்ட் போய் வந்த பிறகு ஆளையே காணோம்" என்று கூப்பிடுவார்கள். சவுண்ட்பார் சில வினாடிகளில் விழித்து வைஃபையைத் தேடுகிறது. ரூட்டர் முழுமையாக எழ சில நிமிடங்கள் ஆகும். சில மாடல்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ரூட்டர் எழுந்த பிறகு சவுண்ட்பாரின் பிளக்கை உருவி மறுபடி சொருகினால் சரியாகிவிடும். இதற்காக எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து அமைப்பவர்கள் இருக்கிறார்கள், தேவையே இல்லை.

நிரந்தரத் தீர்வு, ரூட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் எண்களைப் பாருங்கள். பல ரூட்டர்களுக்கு 12 வோல்ட். யுபிஎஸ்ஸும் அதே வோல்ட்டும், குறையாத ஆம்பியரும் தர வேண்டும். ரூட்டர் அணையாமல் இருந்தால் சவுண்ட்பார் விழித்ததும் வைஃபை தயாராக இருக்கும். இரண்டு ரூட்டர் வீட்டில் இரண்டுக்கும் யுபிஎஸ் தேவை.

வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், மின்தடையின்போது சவுண்ட்பாரில் ஒரு இரைச்சல் கேட்கலாம். சைன் அலை இன்வெர்ட்டரில் அது வராது.

5. முதலில் டிவியின் ஒலி வரட்டும்

வைஃபைக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிவியின் ஒலி சவுண்ட்பாரில் வந்துவிட்டால் கருவியும் சப்வூஃபரும் நலமாக இருக்கின்றன என்பது உறுதியாகிவிடும். பிறகு சிக்கல் வந்தால் அது வலையமைப்பில்தான் என்று தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம்.

டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் இடையே கம்பிதான் சரி. புளூடூத்தில் இணைத்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று படம் பார்க்க வேண்டியிருக்கும்.

டிவியின் பின்னால் பல எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும் டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று குறித்த துளை பொதுவாக ஒன்றுதான். அதில் சொருகுங்கள். சவுண்ட்பாரிலும் 'டிவி ஏஆர்சி' என்று குறித்த துளையையே தேர்ந்தெடுங்கள். 'இன்' என்று குறித்த துளையில் சொருகிவிட்டு ஒலி வரவில்லை என்று சொல்வது மிகச் சாதாரணமான தவறு. செட்-டாப் பாக்ஸை எப்போதும்போல டிவியிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து டிவி அமைப்புகளில் எச்டிஎம்ஐ-சிஇசி வசதியை எரியவிட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. இது எரிந்தால்தான் டிவி ரிமோட்டே சவுண்ட்பாரின் ஒலியைக் கூட்டும், டிவியோடு அதுவும் எரிந்து அணையும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே ரிமோட் போதும் என்பது சின்ன விஷயம் அல்ல.

ஒலி வெளியீட்டில் ஏஆர்சியைத் தேர்ந்தெடுங்கள். டிஜிட்டல் ஒலி வகை 'பிசிஎம்' என்று இருந்தால், ஏஆர்சியில் இரண்டு சேனல் ஒலி மட்டும்தான் போகும். 'ஆட்டோ' அல்லது 'பாஸ்-த்ரூ' என்று மாற்றினால் 5.1 சுற்றொலி கிடைக்கும். பழைய டிவியில் ஏஆர்சி இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள் போதும். 5.1 டால்பி டிஜிட்டல் வரை அதில் வரும், அட்மாஸ் வராது. டிவி ரிமோட் ஒலியைக் கூட்டுவதும் அதில் எல்லா மாடல்களிலும் நடக்காது.

சப்வூஃபரின் விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் சவுண்ட்பாரோடு சேரவில்லை. கையேட்டில் உள்ளபடி இரண்டின் இணைப்புப் பொத்தான்களையும் அழுத்துங்கள்.

6. போனைத் தயார் செய்யுங்கள்

சேர்க்கும் வேலையைச் செய்யப்போவது போன்தான். பாதித் தோல்விகள் இங்கே நடக்கின்றன.

போன் வீட்டு வைஃபையில் இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவை அணையுங்கள். விபிஎன் செயலி இருந்தால் அதையும் அணையுங்கள். அது போனின் பேச்சை வெளியே திருப்பிவிடும், பக்கத்தில் இருக்கும் சவுண்ட்பார் தெரியாது. புளூடூத் எரியட்டும், பல செயலிகள் கருவியை முதலில் அதன் வழியாகத்தான் கண்டுபிடிக்கின்றன.

செயலி அனுமதி கேட்கும்போது மறுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதி கேட்பது உங்களை வேவு பார்க்க என்று நினைத்துப் பலர் மறுக்கிறார்கள். சுற்றியுள்ள வைஃபைகளைத் தேடுவதற்கே பல ஆண்ட்ராய்டு பதிப்புகளில் அந்த அனுமதி தேவை. வேலை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஐபோனில், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி தனியாகக் கேட்கும். அவசரத்தில் மறுத்துவிட்டவர்கள் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் எரியவிட வேண்டும்.

7. வைஃபையில் சேர்த்தல்

இத்தனையும் முடித்தவருக்கு இந்தப் படி சில நிமிட வேலை.

சவுண்ட்பார் நிறுவனத்தின் செயலியைத் திறந்து புதிய கருவியைச் சேர்க்கச் சொல்லுங்கள். காஸ்ட் வகை என்றால் 'கூகுள் ஹோம்', ஏர்பிளே வகை என்றால் ஐபோனின் 'ஹோம்' செயலி வழியாகவும் சேர்க்க முடியும். நிறுவனத்தின் செயலியையே நான் முதலில் எடுப்பேன், பிறகு வரும் மென்பொருள் புதுப்பிப்புகளுக்கும் அதுதான் தேவைப்படும்.

சில மாடல்கள் அமைக்கும் நேரத்தில் தாமே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கி, போனை அதில் சேரச் சொல்லும். போன் உடனே 'இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?' என்று கேட்கும். தொடருங்கள். இணையம் இருக்காது என்பது இயல்புதான். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை சவுண்ட்பாரிடம் சொல்வதற்கு மட்டும்தான் அந்த இணைப்பு. 'வேண்டாம்' என்று அழுத்தினால் போன் வீட்டு வைஃபைக்குத் திரும்பிவிடும், செயலி பாதியில் திணறும். மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னதும் இதற்காகவே.

கடவுச்சொல்லைத் தாளைப் பார்த்து, எழுத்துகள் தெரியும்படி வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். முதல் எழுத்தை போன் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடுவதைக் கவனியுங்கள்.

தோற்றால் ஒரு முறை மீண்டும் முயலுங்கள். மறுபடியும் தோற்றால் கையேட்டில் சொன்னபடி சவுண்ட்பாரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, ரூட்டரில் 2.4ஐத் தனிப்பெயராக்கி, போனையும் அதில் இணைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சேர்ந்ததும் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் சவுண்ட்பாரைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரே முகவரியை ஒதுக்கிவையுங்கள். 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' என்பது அதன் பெயர். மின்தடைக்குப் பிறகு முகவரிகள் மாறிக் குழம்புவது இதனால் குறையும்.

8. மென்பொருள் புதுப்பிப்பு

சேர்ந்தவுடன் பெரும்பாலும் புதுப்பிப்பு ஒன்று காத்திருக்கும். அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது, கருவியே முடங்கிப்போகலாம். வானம் இருட்டிக்கொண்டு வரும் மாலையிலும், மின்தடை அறிவித்த நாளிலும் இதைத் தொடங்காதீர்கள். விளக்கு வினோதமாகச் சிமிட்டினாலும் தானே அணைந்து எரிந்தாலும் கை வைக்காமல் காத்திருங்கள்.

9. பாட்டை அனுப்பும் முறை

பாட்டுச் செயலியில் காஸ்ட் அல்லது ஏர்பிளே குறியைத் தொட்டு சவுண்ட்பாரைத் தேர்ந்தெடுங்கள். போனின் புளூடூத் பட்டியலிலும் அதே பெயர் தெரியும். அங்கே போய் இணைத்துவிட்டு, வைஃபையில்தான் பாடுகிறது என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். ஓர் அழைப்பு வந்தவுடன் பாட்டு சவுண்ட்பாரில் நின்றுபோனால் நீங்கள் புளூடூத்தில் இருக்கிறீர்கள்.

வானொலி கேட்டுப் பழகிய பெரியவர்கள் இருந்தால் ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைப் போனில் போட்டுக்கொடுங்கள். அதில் காஸ்ட் குறி தென்படாவிட்டால் இதற்கு மட்டும் புளூடூத்தைப் பயன்படுத்தலாம். காலைச் செய்தி அந்தப் பெரிய ஒலியில் தெளிவாகக் கேட்பதை அவர்கள் ரசிப்பார்கள்.

10. பிறகு வரும் சிக்கல்கள்

பாட்டு விட்டுவிட்டு வந்தால், போனை சவுண்ட்பார் அருகில் வைத்து அளந்த எண்ணை மறுபடி பாருங்கள். பீரோ இடம் மாறியிருக்கும், அல்லது பக்கத்து வீட்டில் புது ரூட்டர் வந்து அதே சேனலில் உட்கார்ந்திருக்கும். மைக்ரோவேவ் ஓடும் நேரத்தில் மட்டும் அறுந்தால் 2.4இலிருந்து 5க்கு மாற்றிப் பாருங்கள்.

டிவி பார்க்கும்போது எதிரொலி கேட்டால், டிவியின் சொந்த ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கிறது. அதை அணையுங்கள். பேச்சு உதட்டோடு பொருந்தாவிட்டால் சவுண்ட்பார் அல்லது டிவி அமைப்பில் ஒலித் தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

வசனம் அமுங்கி, பின்னணி இசை மட்டும் ஓங்கினால் சப்வூஃபர் அளவைக் குறைத்து, 'வாய்ஸ்' அல்லது 'கிளியர் டயலாக்' முறையைப் பயன்படுத்துங்கள். இரவில் 'நைட்' முறை. இடையில் ஒரு சுவர் மட்டுமே உள்ள தெருக்களில் இது அவசியம்.

11. இடி மழைக் காலம்

சித்திரை, வைகாசியின் பிற்பகல் இடியும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையும் இங்கே மின்னணுக் கருவிகளைப் பலி வாங்கும் காலங்கள். இடி வரும் முன்பே டிவி, சவுண்ட்பார், சப்வூஃபர் மூன்றின் பிளக்கையும் உருவுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது.

பலர் மறப்பது தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நிற்கும் டிடிஎச் தட்டின் கேபிளை. பிளக்கை உருவினாலும் மின்னலின் தாக்கம் அந்தக் கேபிள் வழியாக செட்-டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும், ஏஆர்சி வழியாக சவுண்ட்பாருக்கும் வரலாம். அதையும் திருகிக் கழற்றுங்கள். இடி ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டால் எதையும் தொடாதீர்கள். வானம் இருளத் தொடங்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

12. ரூட்டர் மாறும்போது

இணைய நிறுவனத்தை மாற்றினாலோ பழைய ரூட்டர் பழுதானாலோ புது ரூட்டர் வரும். பழைய வைஃபையின் அதே பெயரையும், அதே கடவுச்சொல்லையும், அதே பாதுகாப்பு வகையையும் புது ரூட்டரில் வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட அச்சு மாறாமல் இருக்க வேண்டும். சவுண்ட்பார், டிவி, வீட்டில் உள்ள எல்லா போன்களும் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும், 6, 7 படிகளை மறுபடி செய்ய வேண்டியதில்லை. ஏபி ஐசொலேஷன் அணைந்திருக்கிறதா என்பதையும், சவுண்ட்பாருக்கு ஒதுக்கிய முகவரியையும் மட்டும் புது ரூட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்பு எடுத்துவைத்த படங்கள் இப்போது பயன்படும்.